நிலவறையில் வளரும் மிளகாய்: வித்து முதல் பூ வரை தோன்றும் கோளாறுகளும் தீர்க்கும் வழிகளும்

ரொறன்ரோவில் மிளகாய் வளர்க்க விரும்புபவர், வெளியே பனி குவிந்து கிடக்கும் பெப்ரவரியிலேயே வித்தைப் போட்டாக வேண்டும். மே மாதப் பிற்பகுதியில் வரும் விக்ரோரியா நாள் விடுமுறைக்கு முன்னர் கன்றை நிலத்தில் வைத்தால், ஒரேயோர் இரவு உறைபனி அத்தனையையும் கருக்கிவிடக்கூடும். ஆகவே செடியின் முதல் மூன்று மாதங்களும், வெளியே காணி இல்லாதவர்களுக்குச் செடியின் முழு வாழ்வும், பேஸ்மென்ட் என்று நாம் சொல்லும் நிலவறையில் மின்விளக்கின் கீழ்தான் கழிகின்றன. சூரியன், காற்று, மழை, தேனீ என்று ஊரில் தானாகவே நடந்த வேலைகளை எல்லாம் இங்கே நாமே செய்ய வேண்டியிருப்பதால், அவற்றுள் ஒன்று தவறினாலும் செடி அதை இலையிலோ தண்டிலோ பூவிலோ காட்டிவிடுகிறது. அந்த அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறையை, பன்னிரண்டு பருவங்களாக ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு நிலவறை மூலையில் மிளகாய் வளர்த்துவரும் அனுபவத்தைக் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

எந்த அறிகுறியைக் கண்டாலும் பசளைப் போத்தலைக் கையில் எடுப்பதற்கு முன்னர் மூன்று விடயங்களைப் பார்த்துவிட வேண்டும். முதலாவது, சாடியின் பாரம். இரண்டாவது, மண்ணின் வெப்பநிலை. மூன்றாவது, விளக்குக்கும் செடியின் உச்சிக்கும் இடையிலான தூரம். நான் கண்ட கோளாறுகளில் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள்ளேயே அடங்கிவிட்டது. இன்னுமொன்று, ஒரே நாளில் தண்ணீர், பசளை, விளக்கு ஆகிய மூன்றையும் மாற்றினால் எது குணப்படுத்தியது, எது கெடுத்தது என்று பிறகு சொல்ல முடியாது. ஒன்றை மாற்றி ஒரு கிழமை பொறுத்திருக்க வேண்டும். பழுதடைந்த இலை திரும்பப் பச்சையாகும் என்று காத்திருப்பதில் பயனில்லை. அடுத்து விரியும் புதிய இலை எப்படி இருக்கிறது என்பதே செடி தேறுகிறதா இல்லையா என்பதைச் சொல்லும்.

வித்து முளைக்கவில்லை

இரண்டு கிழமைகள் கடந்தும் மண் வெறுமையாகக் கிடந்தால், முதலில் மண்ணுக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்க்கவும். மிளகாய் வித்து முளைப்பதற்கு 26 முதல் 30 பாகை செல்சியஸ் வரையான மண் வெப்பநிலை மிகவும் உகந்தது. மாரியில் நிலவறைத் தரையின் வெப்பநிலை 16, 17 பாகைக்கு இறங்கிவிடுகிறது. அந்தக் குளிரில் வித்து முளைக்க ஒரு மாதம் எடுக்கலாம், அல்லது முளைக்காமலே அழுகிவிடலாம். மேல்மாடியில் 21 பாகைக்கு வெப்பமூட்டி வைத்திருக்கிறோம் என்பது நிலவறைத் தரையில் இருக்கும் தட்டுக்குத் தெரியாது. நாற்றுத் தட்டின் கீழ் விரிக்கும் வெப்பப் பாய் ஒன்று இந்தக் குறையைத் தீர்க்கும். ஆனால் வெப்பக் கட்டுப்படுத்தி இல்லாத பாய், அறை வெப்பநிலையைவிட ஆறு முதல் பதினொரு பாகை வரை தன் போக்கில் ஏற்றும் என்பதால், சூடான அறையில் அதை வைத்தால் வித்து வெந்துபோகவும் இடமுண்டு.

வெப்பம் சரியாக இருந்தும் முளைக்கவில்லை என்றால் வித்தின் உயிரைச் சோதிக்க வேண்டும். ஈரமாக்கிப் பிழிந்த கடதாசித் துவாயில் பத்து வித்துகளை மடித்து, பொலித்தீன் பைக்குள் இட்டு, அதே வெப்பப் பாயின் மேல் வைத்து, பத்து நாட்களின் பின் விரித்துப் பார்க்கவும். கடையில் வாங்கிய செத்தல் மிளகாயின் வித்தைப் போடுபவர்களுக்கு இந்தச் சோதனை மிகவும் அவசியம். வெயிலில் காய்ந்த செத்தலின் வித்து பெரும்பாலும் முளைக்கும். இயந்திரச் சூட்டில் உலர்த்திய செத்தலின் வித்து பெரும்பாலும் முளைக்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

மிளகாயின் இனமும் கணக்கில் எடுக்கப்பட வேண்டியது. நம் சமையலில் புழங்கும் நீள மிளகாயும் இராமநாதபுரம் குண்டு மிளகாயும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. நல்ல சூட்டில் பத்து நாட்களுக்குள் தலைகாட்டிவிடும். காந்தாரி வகைகளும், ஹபனேரோ போன்ற கடும் உறைப்பு வகைகளும் வேறு இனங்கள். அவை மூன்று, நான்கு கிழமைகள் எடுப்பது இயல்பு. பதினைந்தாம் நாள் மண்ணைக் கிண்டிப் பார்த்து, அப்போதுதான் வெடித்திருந்த வேரை முறித்தவர்களில் நானும் ஒருவன். வித்தை அரை முதல் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்குமேல் புதைக்கக்கூடாது என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கிறேன்.

முளைத்த கன்றின் தலையில் வித்துக்கோது தொப்பிபோல ஒட்டிக்கொண்டு கழராமல் நின்றால், மேல்மண் மிகவும் உலர்ந்திருந்தது அல்லது வித்து மேலோட்டமாகக் கிடந்தது என்று பொருள். ஒரு துளி இளஞ்சூட்டுத் தண்ணீரை அதன்மேல் விட்டு, அரை மணி நேரம் ஊறவிட்டு, நகநுனியால் மெல்லத் தொட்டால் பெரும்பாலும் கழன்றுவிடும். உலர்ந்த நிலையில் இழுத்தால், முதலில் விரியும் இலையான வித்திலையும் சேர்ந்து வந்துவிடும்.

கன்று நூல்போல நெடுத்து வளர்கிறது

காரணம் ஒன்றேதான்: ஒளி போதவில்லை. யன்னலோரத்தில் வைத்தாலே போதும் என்ற நம்பிக்கை பெப்ரவரி மாத ரொறன்ரோவில் செல்லாது; பகல் குறுகியது, சூரியன் தாழ்ந்து செல்கிறது, வானமும் பல நாட்கள் மூடியே கிடக்கிறது. விளக்கு வைத்திருந்தும் கன்று நெடுத்தால், விளக்கின் உண்மையான வலுவைப் பார்க்க வேண்டும். பெட்டியில் 1000 வாற் என்று அச்சிட்டிருக்கும் எல்.ஈ.டி. விளக்குகள் சுவரிலிருந்து நூறு வாற்றளவே இழுப்பதை அளவுமானியை இடையில் செருகிப் பார்த்தால் காணலாம். விளக்கு இழுக்கும் மின்னே கணக்கு, பெட்டியில் உள்ள எண் கணக்கல்ல. 60 சென்ரிமீற்றர் சதுர இடம் ஒன்றில் செடிகளைப் பூக்கும்வரை வளர்க்க, இன்றைய நல்ல எல்.ஈ.டி. விளக்கு உண்மையாக 80 முதல் 100 வாற் வரை இழுத்தால் போதுமானது.

செடிக்கு எட்டும் ஒளியை ஒரு சதுர மீற்றரில் ஒரு விநாடிக்கு விழும் மைக்கிரோமோல் என்ற அலகில் அளப்பார்கள். அண்ணளவாக அளந்து காட்டும் கைப்பேசிச் செயலிகள் உள்ளன. இளங்கன்றுக்கு 200 முதல் 300 வரையும், பூக்கும் பருவத்துக்கு 400 முதல் 600 வரையும் கிடைக்க வேண்டும். நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் விளக்கு எரிந்தால் போதும். மிச்ச நேரம் இருள் வேண்டும். 24 மணி நேரமும் எரியவிட்டால் இரு மடங்கு வளரும் என்று எண்ணிச் செய்தவர்களின் செடிகளில் இலை வெளிறித் தடித்ததையே கண்டிருக்கிறேன்.

ஏற்கெனவே நெடுத்துவிட்ட கன்றைச் சாடி மாற்றும்போது வித்திலைக்குச் சற்றுக் கீழ்வரை மண்ணில் இறக்கி நடலாம். தக்காளியைப்போலத் தண்டு முழுவதும் வேர் விடும் இயல்பு மிளகாய்க்கு இல்லை என்றாலும், காம்பு மடியாமல் நிற்க அது உதவும். ஒரு சிறு மின்விசிறியை இலைகள் மெல்ல அசையும் அளவுக்கு ஓடவிட்டால் தண்டு தடிக்கும். பின்னால் வரப்போகும் பல கோளாறுகளுக்கும் இந்த விசிறியே முற்காப்பு.

அடித்தண்டு மெலிந்து கன்று சாய்கிறது

மாலையில் நிமிர்ந்து நின்ற கன்று காலையில் மண்ணோடு சாய்ந்து கிடக்கும். குனிந்து பார்த்தால் மண்மட்டத்தில் தண்டு நூலாகச் சுருங்கி, நீர் ஊறிய பழுப்பு நிறத்தில் இருக்கும். இது நாற்றழுகல். பித்தியம், ரைசொக்ரோனியா போன்ற மண்வாழ் நுண்ணுயிர்கள் ஈரமும் குளிரும் அசைவற்ற காற்றும் ஒன்றுசேரும் இடத்தில் இதை உண்டாக்குகின்றன. சாய்ந்த கன்றைக் காப்பாற்ற வழியில்லை. அதைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து எறிந்துவிட வேண்டும். நாற்றுத் தட்டின் மூடியைத் திறந்து, விசிறியை ஓடவிட்டு, மேல்மண் உலரும்வரை தண்ணீரை நிறுத்தினால் மிச்சக் கன்றுகள் தப்பலாம். அடுத்த முறை, பழைய தட்டைச் சவர்க்காரத்தாலும் ஐதான வெளிற்றும் திரவத்தாலும் கழுவிக் காயவைத்து, புதிய நாற்றுக் கலவையில் வித்திடவும். முளை கண்ட அன்றே மூடியை எடுத்துவிடுவது இந்த நோய்க்கு எதிரான மிக நல்ல பாதுகாப்பு.

மண் ஈரமாக இருந்தும் இலை தொங்குகிறது

இந்த ஒரு பகுதியை மட்டும் வாசித்தாலும் போதும் என்று நான் சொல்வேன். நிலவறைச் செடிகளை அதிகம் கொல்வது இதுதான். இலை தொங்கியதும் தண்ணீர் ஊற்றுவது நமக்குப் பழக்கம். ஊரில் கொளுத்தும் வெயிலில், கிணற்று நீரை இறைத்துப் பாத்தி பாத்தியாகப் பாய்ச்சிய கை அது. அந்த மண்ணுக்கு அது சரி. ஆனால் 17 பாகைக் குளிரில், மெல்லிய ஒளியில், ஒரு லீற்றர் சாடியில் நிற்கும் கன்று ஒரு நாளில் குடிக்கும் தண்ணீர் மிகக் கொஞ்சம். குடிக்காத தண்ணீர் மண்ணின் காற்றிடைவெளிகளை நிரப்பிக்கொண்டு நிற்க, வேர் மூச்சுவிட முடியாமல் அழுகத் தொடங்குகிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. ஆகவே செடி தண்ணீரின் நடுவே நின்றுகொண்டு தாகத்தால் வாடுகிறது. அந்த வாட்டத்தைக் கண்டு மீண்டும் ஊற்றினால் முடிவு நெருங்குகிறது. என் மூன்றாம் பருவத்தில் நாற்பது கன்றுகளில் முப்பத்தொரு கன்றுகளை இப்படித்தான் இழந்தேன். ஒவ்வொரு நாள் காலையிலும் தவறாமல் தண்ணீர் ஊற்றியதே நான் செய்த பிழை.

கண்டறியும் வழி எளிது. சாடியைக் கையில் தூக்கவும். நன்றாகத் தண்ணீர் விட்டு வடிந்த பின் அதன் பாரம் எவ்வளவு, உலர்ந்து இலை சற்றுத் தளரும் நேரத்தில் எவ்வளவு என்பதை இரண்டொரு முறை தூக்கிப் பார்த்தால் கை தானாகவே கற்றுக்கொள்ளும். விருப்பமானால் சமையல் தராசில் வைத்துக் குறித்துக்கொள்ளலாம். பாரமான சாடியில் செடி தொங்கினால் தண்ணீர் கூடிவிட்டது. இலேசான சாடியில் தொங்கினால் தாகம். மேல்மண்ணைத் தொட்டுப் பார்ப்பது மட்டும் போதாது, ஏனெனில் மேலே உலர்ந்து கீழே சேறாக இருக்கும் சாடிகள் ஏராளம்.

ஐயம் தீரவில்லை என்றால், விரல்களுக்கிடையே தண்டைப் பிடித்து, சாடியைத் தலைகீழாக்கி, மண்கட்டியை உருவி வேரைப் பார்க்கலாம். நலமான வேர் வெள்ளையாக, பிடித்து இழுத்தால் விறைப்பாக இருக்கும். மண் மழைக்குப் பிந்திய மணத்தைத் தரும். அழுகிய வேர் பழுப்பாகி, இழுத்ததும் மேற்தோல் உறைபோலக் கழன்று நடுநரம்பு மட்டும் கையில் வரும்; குட்டை நாற்றம் வீசும். பாதிக்குமேல் வெள்ளை வேர் இருந்தால் செடி பிழைக்கும். சாடியைக் குளிர்த் தரையிலிருந்து தூக்கி மரப்பலகையிலோ நுரைத் தகட்டிலோ வைத்து, அடியில் தேங்கிய தண்ணீரை ஊற்றிவிட்டு, பாரம் குறையும்வரை, அதற்கு ஒரு கிழமை ஆனாலும், எதுவும் விடாமல் காத்திருக்க வேண்டும். அழுகிய வேருக்குப் பசளை கொடுப்பது நோயாளிக்கு விருந்து வைப்பது போன்றது. மண்கலவை தடிப்பாக இருந்தால் நான்கில் ஒரு பங்கு பேர்லைற் (காற்றிடைவெளி தரும் வெள்ளை எரிமலைக்கல் துகள்) கலந்து மாற்றி நடலாம்.

இதற்கு எதிர்மாறான கோளாறும் உண்டு. ஒருமுறை முற்றாகக் காய்ந்துவிட்ட பீற் பாசிக் கலவை தண்ணீரை ஏற்க மறுக்கும். ஊற்றிய தண்ணீர் சாடியின் ஓரத்தால் வழிந்து அடியில் சேர, நடுமண் பொடியாகவே இருக்கும். அப்போது சாடியை இளஞ்சூட்டுத் தண்ணீர் உள்ள தட்டில் அரை மணி நேரம் வைத்தால் அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். தேங்காய்த் தும்பிலிருந்து பிரியும் துகளான தும்புச்சோற்றின் கலவை இந்த வகையில் நல்லது. காய்ந்தாலும் திரும்ப நனைகிறது.

இலை மஞ்சளாகிறது

மஞ்சள் என்பது நோயின் பெயர் அன்று. மஞ்சள் எங்கே தொடங்கியது என்பதே கேள்வி. நைதரசன், மக்னீசியம், பொற்றாசியம் ஆகியவற்றைச் செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்கு அனுப்ப வல்லது. ஆகவே அவற்றின் பற்றாக்குறை அடியிலைகளில் தெரியும். இரும்பையும் கல்சியத்தையும் அப்படி நகர்த்த முடியாது. அவை குறைந்தால் உச்சியில் தெரியும்.

அடியிலைகள் நரம்பும் சேர்ந்து ஒரே சீராக வெளிறி உதிர்ந்தால் அது நைதரசன் குறைவு. நாற்றுக் கலவையில் பசளை மிகக் கொஞ்சம். வித்திலைகளை அடுத்து விரியும் உண்மையிலைகள் இரண்டு சோடி வந்த பின்னும் வெறும் தண்ணீரே விட்டுவந்தால் இந்நிலை வரும். திரவப் பசளையைப் போத்தலில் சொன்ன அளவில் நான்கில் ஒரு பங்கில் தொடங்கி, இரண்டு கிழமைகளில் அரைப் பங்குக்கு ஏற்றவும். அடியிலைகளில் நரம்பு பச்சையாக நிற்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியக் குறைவு என்று கொள்ளலாம். நான்கு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்புக் (மக்னீசியம் சல்பேற்று) கரைத்து ஒருமுறை விட்டு, பத்து நாட்கள் பார்க்கவும். தும்புச்சோற்றில் வளர்ப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும், ஏனெனில் தும்புச்சோறு கல்சியத்தையும் மக்னீசியத்தையும் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும் இயல்புடையது.

அதே நரம்புப் பச்சை, உச்சியில் விரியும் புதிய இலையில் தோன்றினால் அது இரும்பு. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இல்லாமல் போவதில்லை. மண்ணின் காரத்தன்மை ஏறிவிட்டதால் வேரால் அதை எடுக்க முடிவதில்லை. பீற், தும்புச்சோறு போன்ற மண்ணற்ற கலவைகளில், அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் காட்டும் அளவான பி.எச். 5.8 முதல் 6.3 வரையும், மண்ணில் 6 முதல் 6.8 வரையும் இருப்பது நல்லது. ஒன்ராரியோ ஏரியிலிருந்து வரும் நம் குழாய்த் தண்ணீர் ஓரளவு கடினத்தன்மையும் சற்றுக் காரத்தன்மையும் கொண்டது. மாதக்கணக்கில் அதையே விட்டுவரச் சாடிமண்ணின் பி.எச். மெல்ல ஏறும். சோதனைத் திரவத்தால் அளந்து, தண்ணீரில் சிறிது எலுமிச்சை அமிலமோ தோட்டக்கடையில் விற்கும் பி.எச். குறைக்கும் திரவமோ கலந்து சரிசெய்யலாம். மிகவும் ஈரமான, குளிர்ந்த மண்ணிலும் இதே அறிகுறி வரும் என்பதால், முன்பு சொன்னபடி சாடியின் பாரத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.

குழாய்த் தண்ணீரை ஓர் இரவு வாளியில் திறந்துவைத்தால் குளோரீன் போய்விடும் என்று நம்மவர்கள் பலர் செய்துவருகிறார்கள். ரொறன்ரோ நகரத்தின் தண்ணீரில் இருப்பது குளோரீனும் அமோனியாவும் சேர்ந்த குளோரமைன். அது ஓர் இரவில் ஆவியாகிப் போவதில்லை. அந்த அளவு மிளகாய்ச் செடிக்குத் தீங்கு செய்வதும் இல்லை. வாளியில் வைப்பதால் உள்ள உண்மையான நன்மை, மாரிக்காலக் குழாயின் கடுங்குளிர் நீங்கி, தண்ணீர் அறை வெப்பநிலைக்கு வருவதுதான். அதற்காகவே நானும் வைக்கிறேன்.

இலையில் ஊதா நிறம் ஏறினால் மண்வெப்பத்தைப் பார்க்கவும். குளிர்ந்த வேர் பொசுபரசை எடுக்கத் தடுமாறுவதே பெரும்பாலும் காரணம். ஆனால் கணுக்களில் மட்டும் கருஊதாப் பட்டை தெரிவது பல வகைகளில் இயல்பான நிறம்; நோயென்று அஞ்சவேண்டியதில்லை.

இலைநுனி கருகுகிறது, உச்சியிலை வெளிறுகிறது

அடர்பச்சை இலையின் நுனியும் விளிம்பும் பழுப்பாகக் கருகி, மண்ணின் மேல் வெள்ளை உப்புப் படிந்திருந்தால் பசளை கூடிவிட்டது. சாடியின் கொள்ளளவைப்போல இரு மடங்கு வெறும் தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியால் ஓடவிட்டு, பிறகு பசளையைப் பாதியாகக் குறைக்கவும். விளக்குக்கு மிக அருகில் உள்ள இலைகள் மட்டும் வெளிறி, கீழிலைகள் நலமாக இருந்தால் விளக்கைப் பத்து சென்ரிமீற்றர் உயர்த்தவும்.

இலை சுருள்கிறது, மடிகிறது, கொப்பளிக்கிறது

விளிம்புகள் மேல்நோக்கித் தோணிபோல மடிந்தால், செடி சூட்டிலிருந்தும் உலர்காற்றிலிருந்தும் தன்னைக் காக்கப் பார்க்கிறது. மாரியில் வெப்பமூட்டிய வீடுகளில் ஈரப்பதன் 20, 30 வீதத்துக்கு இறங்கிவிடும். ஈரப்பதமூட்டியை வைத்து 50 வீதத்துக்குக் கொண்டுவந்தால் இலை விரியும். இலை முழுவதும் கீழ்நோக்கிக் கொக்கிபோல வளைந்து கரும்பச்சையாக இருந்தால் நைதரசன் அல்லது தண்ணீர் கூடியிருக்கிறது.

இலையின் அடிப்பக்கத்தில் உப்புக்கற்களைப்போன்ற சிறு பருக்களைக் கண்டு பூச்சி முட்டை என்று பலர் மருந்தடிக்கிறார்கள். விரலால் தேய்த்துப் பாருங்கள். தேய்த்தால் வராமல், இலைத்தோலின் பகுதியாகவே இருந்தால், அது வேர் உறிஞ்சிய தண்ணீரை இலை ஆவியாக்கி வெளியேற்ற முடியாமல் கலங்கள் வீங்கியதன் விளைவு. காற்றோட்டத்தைக் கூட்டித் தண்ணீரைக் குறைத்தால் புதிய இலைகளில் வராது.

இனி, உச்சியில் விரியும் குருத்து நெளிந்து, கசக்கிய கடதாசியைப்போல வந்தால் மிகவும் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் மூன்று வெவ்வேறு காரணங்கள் ஒரே முகத்தோடு வருகின்றன. முதலாவது கல்சியம். அது ஆவியுயிர்ப்பால் ஏறும் தண்ணீரோடுதான் மேலே செல்கிறது. விளக்கோடு செடியை மூடி வளர்க்கும் கூடாரத்தில் காற்று அசையாவிட்டால், மண்ணில் கல்சியம் நிறைய இருந்தும் குருத்துக்கு எட்டாது. விசிறியே மருந்து. இரண்டாவது அசுவுணி. குருத்தின் அடியில் பச்சைப் புள்ளிகளாகக் கூட்டமாக அமர்ந்திருக்கும். உதிர்த்த வெள்ளைத் தோல்களும் பிசுபிசுப்பும் அதைக் காட்டிக்கொடுக்கும். பெண் அசுவுணி சேர்க்கை இல்லாமலே குட்டி போடுவதால், ஒன்று தப்பினால் ஒரு கிழமையில் கூட்டமாகிவிடும். செடியைச் சரித்துப் பிடித்து இலையடிகளைத் தண்ணீரால் கழுவி, பூச்சிக்கொல்லிச் சவர்க்காரக் கரைசலை, விளக்கை அணைத்துவிட்டு, நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறையாக மூன்று தடவைகள் தெளிக்கவும். பாத்திரம் கழுவும் சவர்க்காரம் இதற்கு மாற்றாகாது. அது இலையைச் சுட்டுவிடும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத அகன்ற சிற்றுண்ணி. குருத்து ஒடுங்கி, தடித்து, அடிப்பக்கம் வெண்கலநிறப் பளபளப்போடு இருக்கும். பூமொட்டுகள் விரியாமலே கருகும். சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி போதாது. நாற்பது மடங்கோ அதற்கு மேலோ பெருக்கிக் காட்டும் சிறு நுணுக்குக்காட்டியை இலையடியின் நடுநரம்பருகே வைத்துப் பார்த்தால், கண்ணாடித் துளிபோன்ற உண்ணிகளும், வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகப் பதித்த முட்டைகளும் தெரியும். ஒரு பருவத்தில் நான் இதைக் கல்சியக் குறைவு என்று முடிவுசெய்து ஐந்து கிழமைகள் கல்சியம் விட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் பதினான்கு செடிகளுக்கும் பரவிவிட்டது. இப்போது இந்த உண்ணியைக் கண்டால், செடி எவ்வளவு அருமையானதாக இருந்தாலும், அந்த இடத்திலேயே பையில் இட்டுக் கட்டி வெளியேற்றிவிடுகிறேன். அயலில் நின்ற செடிகளைத் தனியாக எடுத்து, கந்தகக் கரைசல் தெளித்து, மூன்று கிழமைகள் கவனிக்கிறேன்.

இலையில் மணல் தூவியதுபோல வெளிர்ப்புள்ளிகளும் மெல்லிய வலையும் இருந்தால் அது செஞ்சிலந்திப் பூச்சி. உலர்காற்றே அதன் தோழன். கழுவுதலும் ஈரப்பதனை உயர்த்துதலும் பாதி வேலையைச் செய்யும், மிச்சத்தைச் சவர்க்காரக் கரைசல் செய்யும்.

மண்ணிலிருந்து சிறு கறுப்பு ஈக்கள் எழுகின்றன

பறக்கும் ஈ தொல்லை மட்டுமே. மண்ணில் இருக்கும் அதன் புழுதான் இளவேரைக் கடிக்கிறது. உருளைக்கிழங்கை வட்டமாக வெட்டி மண்ணின் மேல் இரண்டு நாட்கள் வைத்துத் திருப்பிப் பார்த்தால், கறுப்புத் தலையோடு கண்ணாடிபோன்ற புழுக்கள் அதன் அடியில் ஒட்டியிருக்கும். மேல்மண்ணை இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் காயவிட்டே அடுத்த தண்ணீரை விடவும். மஞ்சள் ஒட்டுத்தாள் ஈக்களைப் பிடிக்கும். நுளம்புப் புழுவை அழிக்கும் பி.ரி.ஐ. என்ற பக்ரீரியா மணிகளை ஊறவைத்த தண்ணீரை விட்டால் மண்ணில் உள்ள புழுக்களும் சாகும். இவற்றின் ஒரு சுற்று வாழ்வு மூன்று, நான்கு கிழமைகள் நீள்வதால் அத்தனை காலமும் விடாமல் செய்ய வேண்டும்.

செடி செழித்திருக்கிறது, பூக்கவில்லை

மிளகாய் பகல்நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி அன்று. ஆகவே பூக்கவைப்பதற்காக விளக்கை 12 மணி நேரமாகக் குறைப்பது தேவையற்றது. ஒளியின் மொத்த அளவையே அது குறைத்துவிடும். முதலாவது மொட்டு, தண்டு இரண்டாகப் பிரியும் கவரில் தோன்றும். நீள மிளகாய் வகைகளில் வித்திட்டு 60 முதல் 90 நாட்களுக்குள் அதை எதிர்பார்க்கலாம். கவர் விட்டும் மொட்டு இல்லாமல், இலை மட்டும் பெரிதாகி வந்தால், நைதரசன் கூடிய பசளையை நிறுத்திப் பொற்றாசியம் கூடியதற்கு மாறவும். ஒளி 400 மைக்கிரோமோலை எட்டுகிறதா என்றும் பார்க்கவும். சிறிய சாடியில் வேர் சுற்றிப் பின்னிக்கிடந்தால் ஏழு, எட்டு லீற்றர் சாடிக்கு மாற்றலாம். மாற்றிய பின் இரண்டு கிழமைகள் செடி வேருக்கே உழைக்கும் என்பதால் அப்போது மொட்டைத் தேட வேண்டாம்.

பூ மலர்ந்து உதிர்கிறது

உதிர்ந்த பூவைக் கையில் எடுத்துக் காம்பைப் பாருங்கள். காம்பு மஞ்சளாகி, கணுவோடு சுத்தமாகக் கழன்றிருந்தால், செடியே அதைக் கைவிட்டிருக்கிறது. இரவு வெப்பநிலை 24 பாகைக்கு மேலே நின்றாலும், 15 பாகைக்குக் கீழே இறங்கினாலும், பகலில் 32 பாகையைத் தாண்டினாலும் மிளகாய் இப்படிச் செய்யும். மூடிய கூடாரத்துக்குள் விளக்கின் சூடு சேர்ந்துவிடுவதால், பகலில் கூடாரத்தின் வாயை ஒரு சாணளவு திறந்துவைப்பது பல வீடுகளில் போதுமான தீர்வாக இருக்கும். பகலில் 21 முதல் 29 வரையும், இரவில் 16 முதல் 21 வரையும் பிடித்துவைத்தால் இந்த உதிர்வு குறையும். செடியை மாறிமாறி வாடவிட்டு நனைப்பதும் மொட்டை உதிர்க்கும்.

வெப்பம் சரியாக இருந்தும் உதிர்ந்தால், மகரந்தம் சூலகமுடியைச் சேரவில்லை. மிளகாய்ப் பூ ஆணும் பெண்ணும் ஒன்றாய் அமைந்த பூ. வேறு செடி தேவையில்லை. ஆனால் வெளியில் காற்றும் தேனீயும் அசைத்துவிடுவதை நிலவறையில் யாரும் செய்வதில்லை. விளக்கு எரியத் தொடங்கிச் சில மணி நேரத்தின் பின் பூவைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். நீலம் கலந்த ஊதா நிற மகரந்தப்பைகள் நீளவாக்கில் வெடித்து, ஓரத்தில் மஞ்சள்வெள்ளைத் தூள் தெரியும், அதுவே வேளை. மின்பற்தூரிகையின் முதுகைக் காம்பில் இரண்டு விநாடிகள் தொட்டாலே தூள் பறப்பதைக் காணலாம். தூரிகை இல்லை என்றால் பூவின் பின்புறத்தைச் சுட்டுவிரலால் மெல்லச் சுண்டினாலும் போதும். மலர்ந்த பூ ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மூன்று நாட்கள் தொடர்ந்து செய்யவும். காற்று 40 வீத ஈரப்பதனுக்குக் கீழே உலர்ந்திருந்தால் சூலகமுடி காய்ந்து தூளைப் பிடிக்காது. 80 வீதத்துக்கு மேல் போனால் தூள் கட்டியாகிப் பறக்காது.

பூ வாடியதைக் கண்டதும் உதிர்ந்துவிடப் போகிறது என்று அஞ்ச வேண்டாம். வெள்ளை இதழ்கள் பழுப்பாகிச் சுருங்கியும் காம்பு பச்சையாகவே நின்று, நாளுக்கு நாள் தடித்து வளைந்தால், அந்தக் காய்ந்த இதழ்களைக் கையால் கழற்றாமல் விடுங்கள். நான்கைந்து நாட்களில், மிளகளவு பச்சை உருண்டை ஒன்று அந்தச் சருகைத் தானாகவே தள்ளிக்கொண்டு வெளியே வரும்.